தூக்கி நகர்த்தும் சுவிட்ச்

விமானத்தின் சுவிட்ச் நம்பகமானதா என்று கேட்கும்போது ஸ்பிரிங் தேயுமா, கம்பி அறுமா என்பதைத்தான் நினைக்கிறோம். ஆனால் காக்பிட்டின் வரலாறு விமானியின் கையிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரைதட்டிச் சரிந்தன. இறக்கை மடலுக்கான பிடியும் சக்கரத்துக்கான பிடியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன விமானி மடலை மடக்க எண்ணிச் சக்கரத்தை மடக்கிவிட்டார். உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் சக்கரப் பிடியின் முனையில் ஒரு சிறு சக்கரத்தையே பொருத்தச் செய்தார். இன்றைய பயணிகள் விமானங்களிலும் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. அதற்கு முன்பும் அந்தப் பிடிகளில் பழுது எதுவும் இருக்கவில்லை.

எரிபொருள் சுவிட்சின் கதையும் இதுதான். 1987 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் போயிங் 767-இல், என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டை அணைக்கப் போன கேப்டன், அருகிலிருந்த எரிபொருள் சுவிட்சுகளை மூடிவிட்டார். இரண்டு என்ஜின்களும் நின்றன. கடலுக்கு மேலே சுமார் 600 அடி வரை தாழ்ந்த பிறகுதான் விமானம் மீண்டது. தடுப்பு வைக்கச் சொல்லும் ஆணை அதன்பின்தான் வந்தது. இன்று போயிங் 787-இல் அந்தச் சுவிட்சை மேலே தூக்கித்தான் நகர்த்த முடியும். மதகுக் கதவை உயர்த்தாமல் பாகூர் ஏரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வராதது போல, தூக்காமல் எரிபொருள் நிற்காது. தூக்காமல் நகரவிடாத பூட்டு இருக்கும்வரைதான் இது உண்மை. சில 737 விமானங்களில் பூட்டு விலகிய நிலையிலேயே சுவிட்சுகள் பொருத்தப்பட்டிருந்ததை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018 டிசம்பர் 17-இல் அறிவித்தது. 787 உட்பட ஒத்த வடிவமைப்புள்ள விமானங்களையும் பரிசோதிக்கச் சொன்னது. ஆனால் அது ஆணை அல்ல, அறிவுரை. கட்டாயமில்லை என்பதால் ஏர் இந்தியா அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை என்கிறது அதன் 787 விமானம் அகமதாபாத்தில் விழுந்த விபத்தின் முதற்கட்ட அறிக்கை.

2025 ஜூன் 12 அன்று 260 உயிர்களைப் பறித்த அந்த விபத்தில், இரண்டு சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் மூடிய நிலைக்கு மாறின. பூட்டுக் கோளாறு காரணமல்ல என்பவர்களிடம் வலுவான வாதம் உண்டு. சுவிட்சுகள் அடங்கிய த்ராட்டில் தொகுதி 2019-இலும் 2023-இலும் மாற்றப்பட்டது. அடுத்தடுத்து இரண்டு பூட்டுகள் தாமாக விலகுவதும் அரிது. இதை ஏற்கிறேன். அந்தத் தொகுதி வேறு காரணங்களுக்காக மாற்றப்பட்டது, பூட்டைச் சோதிக்க அல்ல என்பதும் உண்மை. சோதித்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. விமானிகள் மீது பழி சுமத்த அவசரப்படுபவர்களுக்கும் அது தெளிவான பதிலைத் தந்திருக்கும்.

எல்லா அறிவுரைகளையும் ஆணையாக்கினால் பராமரிப்புப் பணியே திணறிப்போகும் என்பார்கள். எல்லாவற்றையும் ஆணையாக்க வேண்டாம். இரண்டு என்ஜின்களையும் நிறுத்தக்கூடிய சுவிட்சின் பூட்டு மட்டுமாவது ஆணைகளின் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டும். 2025 ஜூலை 14-இல் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி, ஜூலை 21-க்குள் முடிக்கச் சொன்னது. தன்னிடமிருந்த விமானங்களில் ஏர் இந்தியா அதை முடித்து, குறை ஏதும் இல்லை என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் முடிந்த இந்த வேலைக்குத்தான் ஆறரை ஆண்டுகள் காத்திருந்தோம்.