காடும் காணிச் சந்தையும்: மத்திய மலைநாடு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சுற்றாடலைப் பாதுகாக்க வல்லது அரசின் கட்டுப்பாடா, தடையற்ற சந்தையா என விவாதிப்போர் இரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்பட்டு நிற்கின்றனர். அரசு வேறு, சந்தை வேறு என்பதே அவ்வுடன்பாடு. இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாறு அதற்கு இடந்தருவதாயில்லை.

இங்கு காணிச் சந்தை தானே தோன்றியதன்று, சட்டத்தினால் ஆக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவற்றையும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவையெனக் கொண்டது. கண்டிக் கிராமத்தவர் தலைமுறைகளாகச் சேனை செய்தும் மந்தை மேய்த்தும் விறகெடுத்தும் வந்த காட்டுக்கு அவர்களுட் பெரும்பாலோரிடம் உறுதி எதுவும் இருக்கவில்லை. அக்காடு ஏக்கர் 5 சிலிங் வீதம் விலைப்பட்டது. 1844இலேயே விலை 20 சிலிங்காயிற்று. வாங்கியோருள் குடியேற்ற அரசின் உயர் அலுவலரும் இருந்தனர். விற்பவரே வாங்குபவராகவும் இருந்த சந்தையைத் 'தடையற்றது' என்பது விந்தையான சொல்லாட்சிதான்.

மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும், 1835இல் இங்கிலாந்தில் இறக்குமதித் தீர்வை சமப்படுத்தப்பட்டதும் இலங்கைக் கோப்பிக்கு வழி திறந்தன. சரிவுகள் வெட்டப்பட்டு எரிக்கப்பட்டன. 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் தோன்றியது.

இதன் பின் நிகழ்ந்ததை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சொந்தக்காரன் தன் சொத்தைத் தானே காப்பான் என்பது சந்தைவாதிகளின் அடிப்படை வாதம். தோட்டத் துரைமார் சொந்தக்காரராகவே இருந்தனர். எனினும், விளைச்சல் வீழ்ந்த அதே எழுபதுகளில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறியது. ஏறிய விலை நோயை மறைத்தது. திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளில் மேலும் காடு வீழ்ந்தது. அத்தசாப்த இறுதியிற் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் நின்றது. 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், மலைக்கு மலை இடையறாது தொடர்ந்த ஒற்றைப்பயிரே காற்றிற் பரவும் பூஞ்சண வித்திகளுக்கு வாய்ப்பாயிற்றெனக் காட்டினார். அதற்குள் காலங்கடந்துவிட்டது. மூலதனம் தேயிலைக்கு மாறிற்று, காடு திரும்பவில்லை.

கட்டுப்பாடு வராமலில்லை. ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. சிவனொளிபாதமலைத் தொடரிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் எஞ்சியுள்ள காட்டுக்கு இத்தடையும் ஒரு காரணம். அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் கீழ்ச்சரிவுகள் பெருமளவில் விலைப்பட்ட பின்னரே தடை வந்தது. 1885ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமோ, சேனை செய்த ஏழை விவசாயியையே பெரிதும் கட்டுப்படுத்தியது. கிராமத்தவர் கோடரி குற்றமாயிற்று. தோட்டத்தின் கோடரிக்கு முன்னரே உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

தேயிலைத் தோட்டங்களிற் களைகளை அடியோடகற்றும் வழக்கம் மேல்மண்ணை ஆறுகளுக்கு அனுப்பியது. மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இற்றான் வந்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் எவருடைய நலன் காக்கப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வரலாறு முழுவதிலும் சட்டத்தாலும் சந்தையாலும் ஒருங்கே மறக்கப்பட்டோர் தோட்டத் தொழிலாளர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை நாட்டாரிலக்கியமாக மட்டும் பயின்று வந்த எம் போன்றோர், சுற்றாடல் வரலாற்றுக்கும் அவை சான்றாகும் என்பதைக் காணத் தவறிவிட்டோம். லயங்கள் எங்கு அமைய வேண்டுமெனத் தீர்மானித்தவர் அவற்றில் வாழ்ந்தோரல்லர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயங்கள் அதே சரிவில் நின்றன.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து சென்று குடியேறுவதற்கு அம்மக்களுக்கென ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.