மதனப்பள்ளி ஏணி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதைப் போல் சங்கடமான வேலை வேறில்லை. வினாத்தாளை நீட்டினால் படிக்கத் தெரியாது. வாயால் கேட்டால் வெட்கப்படும், அதட்டினால் அழும். நேற்றுச் சரியாகச் சொன்னதை இன்று மறந்துவிட்டு, நாளைக்கு யாரும் கேட்காமலே ஒப்பிக்கும்.

சோதித்துத் தரம் சொல்வது கோலார் தங்கவயலுக்குப் பழகிய தொழில்தான். சுரங்கத்திலிருந்து மேலே வந்த கல்லைப் பொடித்து, உலையில் வைத்து, டன்னுக்கு எத்தனை கிராம் பொன் தேறும் என்று கணக்காகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிள்ளையை உடைத்துப் பார்க்க முடியுமா? அதற்கென்று வந்து சேர்ந்ததுதான் இந்த ஏணி. மரத்தில் செய்ததல்ல, வகுப்புச் சுவரில் மாட்டும் அச்சடித்த தாள். அதில் கீழிருந்து மேலாகப் படிகள், படிக்குப் படி ஒரு சின்னப் படம், ஒரு எண்.

அது பிறந்த இடம் கோலார் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்து மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளி அங்கே இருக்கிறது. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா தம்பதி சுற்றுவட்டாரத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உழைத்தார்கள். அங்கே பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போவார்கள், கடலைக்காய் பிடுங்கப் போவார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது பாடம் எங்கேயோ ஓடியிருக்கும். வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே பரீட்சை என்றால் அந்தப் பிள்ளை தோற்றது தோற்றதுதான். ஆகவே பாடப்புத்தகத்தைக் கலைத்து அட்டைகளாக்கி, அட்டைகளை ஏணியாக வரிசைப்படுத்தினார்கள். விட்ட படியிலேயே காலை வைத்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். அறிமுகம், பயிற்சி என்று சில படிகள் தாண்டினால் மதிப்பீட்டுக்கு ஒரு படி வரும். அதுவும் மற்றதைப் போலவே ஒரு அட்டை. தடுமாறினால் துணைப் பயிற்சி அட்டைகள், தேறினால் அடுத்த மைல்கல். தனக்குப் பரீட்சை நடந்தது என்பதே பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கூட உலகில் இதைவிடக் கருணையான கண்டுபிடிப்பு அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

மதனப்பள்ளியிலிருந்து நேராகத் தெற்கே இறங்கியிருந்தால் ஏணி அரை நாளில் தங்கவயலுக்கு வந்திருக்கும். வந்ததோ ஊரைச் சுற்றி. 1995-இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். யுனிசெஃப் உதவியுடன், கேரள எல்லையை ஒட்டிய அந்தக் காட்டுத் தாலுகாவில் கன்னட ஏணி நிமிர்ந்தது. பெயர் நலி-கலி. தமிழ்க் காதுக்கு நலி என்றால் நலிவு. கன்னடத்திலோ மகிழ்ந்து ஆடுவது. கலி என்றால் கற்பது. 2009-10-இல் கர்நாடகத்தின் அரசு கன்னடப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு அதுவே முறையானது. அப்படித்தான் தங்கவயலுக்கும் வந்தது.

அதற்குள் தங்கவயல் வேறு ஊராகியிருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களின் பிள்ளைகள், மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆனார்கள். அவர்களின் பிள்ளைகள் ஏணியின் முதல் படியில் வந்து நின்றார்கள். வீட்டில் பாட்டி பேசுவது தமிழ், ஏணி பேசுவது கன்னடம்.

நலி-கலியில் எழுத்து ‘அ, ஆ’ என்று தொடங்காது. ர, க, ஸ, த, அ என்று எளிதாக எழுத வருவதில் தொடங்கி, உடனே அவற்றைச் சேர்த்து அரஸ, ஸர என்று சொல்லாக்கிவிடும். அரஸவை அரசனாகவும் ஸரவைச் சரமாகவும் தமிழ்ப் பிள்ளை எட்டிப் பிடித்துக்கொள்ளும். மரமும் மீனும்கூடச் சிக்கலில்லை. சறுக்குவது பக்கத்துப் படியில்தான். படத்தில் இருப்பதைப் பிள்ளை பூ என்கிறது, அட்டை ஹூ என்கிறது. பிள்ளை பால் என்றால் அட்டை ஹாலு என்கிறது. வேடிக்கை என்னவென்றால், பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் இருந்தன. பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி மெல்ல மெல்ல ஹகரம் ஆயின. ஆறு வயதுப் பிள்ளை பிழை செய்யவில்லை, ஆயிரம் வருஷம் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே ஏணிக்குத் தமிழிலும் ஒரு கிளை உண்டு. 2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அது அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் மாறிய வேறு படிக்கட்டானது. தங்கவயலுக்குப் பக்கத்துப் பங்காருப்பேட்டையில் ரயிலேறினால் குப்பம் தாண்டித் தமிழ்நாட்டு ஜோலார்பேட்டை. அந்தத் தூரம் தள்ளிப் பிறந்திருந்தால் நம் பிள்ளைக்குப் பூ பூவாகவே இருந்திருக்கும்.

தங்கவயல் வகுப்பில் ஆசிரியைக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அது ஒரு அதிர்ஷ்டம். பிள்ளைக்குப் பொருள் தெரிகிறது, சொல்தான் வேறு என்று அவருக்கு உடனே விளங்கும். தெரியாவிட்டால் துணைப் பயிற்சி அட்டை கைக்கு வரும், பிள்ளை அதே படியில் இன்னொரு வாரம் நிற்கும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் குறிக்கச் சுவரில் ‘பிரகதி நோட்ட’ என்று ஒரு தாள் இருக்கிறது. பெயருக்கு நேரே கட்டங்கள். தாண்டிய படிக்குக் குறி போடலாம். பிள்ளை வாய்விட்டு என்ன சொன்னது என்று எழுத அதில் இடமில்லை.