கடதாசிப் பிள்ளைகள்

சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்பவர்கள் 'சைனா டவுன்' எனப்படும் சீனர் குடியிருப்பைக் காணாமல் திரும்புவதில்லை. நானும் சென்றேன். கிராண்ட் வீதியின் முகப்பில் 1970இல் அமைந்த பச்சை ஓட்டு வாயில். உள்ளே பகோடாக் கூரைகள், வளைந்த இறவாரங்கள். சீனாவின் தொன்மைக் கலையே இங்கு குடிவந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். வரலாறு கூறுவது வேறு.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின் தென்சீனத்து மக்கள் கப்பலேறி வந்தனர். 1869இல் பூர்த்தியான கண்டங்கடந்த புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்களுள் பெரும்பாலானோர் அவர்களே. வேலை முடிந்தது, வெறுப்பு வளர்ந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைச் சட்டம் தடைசெய்தது.

1906 ஏப்ரல் 18ஆம் திகதி பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் குடியிருப்பைச் சாம்பலாக்கின. இதுவே தருணமென, சீனரை நகரின் தென்கிழக்கு ஓரத்துக்கு அகற்றப் பிரமுகர்கள் திட்டமிட்டனர். சீன வர்த்தகர்கள் முந்திக்கொண்டனர். வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டே, அமெரிக்கர் கண்ணுக்குச் 'சீனம்' எனத் தோன்றும் கட்டடங்களை எழுப்பினர். வேடிக்கை பார்க்க ஊரே வரும் இடத்தை யாரும் அகற்றமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அது பிழைக்கவில்லை.

அதே தீயில் நகர மண்டபத்துப் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. 'நான் இங்கே பிறந்தவன்' எனப் பலர் உரிமை கோரினர். பிரஜையின் பிள்ளை நாட்டினுள் வரலாம் அல்லவா? இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் பதிவாயின, விலைக்குக் கைமாறின. அப்பெயர்களில் வந்தவர்களே 'கடதாசிப் பிள்ளைகள்'.

ஏஞ்சல் தீவின் குடிவரவு நிலையத்தில் 1910 முதல் 1940 வரை அவர்களைத் துருவித்துருவி விசாரித்தனர். வீட்டுக்கு எத்தனை படிகள்? அயல்வீட்டார் யார்? பதில் பிசகினால் திருப்பியனுப்பப்படலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் மரச்சுவர்களிலே கவிதைகளைச் செதுக்கினர். 1970இல், இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தில் பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கண்டார், கவிதைகள் தப்பின. பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயரில்லை.

தடைச்சட்டம் 1943இல் நீங்கியது. ஆயினும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். 2022இல் நகரசபை மன்னிப்புக் கோரியது. வாங்கிய பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்து, சொந்தப் பெயரைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைந்தவர்கள் பலர். நேயர்களே, மன்னிப்பினால் அப்பெயர்களை மீட்க முடியுமா?