பூமத்தியரேகையின் சிறு யாசகன்

கலாபகஸ் தீவுகளில் வாழும் பெங்குவினுக்கு 1871இல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் கார்ல் சுண்டேவால். அவர் தேர்ந்த லத்தீன் சொல் ‘மெண்டிகுலஸ்’. சிறு யாசகன் என்று பொருள். அரை மீட்டர் உயரமும் இரண்டரைக் கிலோ எடையும் கொண்ட இப்பறவையின் வரலாற்றைப் படிக்கையில் அப்பெயரின் பொருத்தம் துலங்குகிறது. கடல் இட்டால் உண்டு, இல்லையேல் பட்டினி.

ஈக்வடாரின் கரைக்கு மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், பூமத்தியரேகையின் மீதே கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. 1535இல் பனாமாவின் ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா பெருவுக்குச் சென்ற கப்பல் காற்றின்றி நின்று, நீரோட்டத்தால் இங்கே அடித்துவரப்பட்டது. குடிநீருக்கு அலைந்த அவர்கள் கண்டது பெரும்பாலும் கல்லும் கள்ளியுமே.

ஆனால் நிலம் மறுத்ததைக் கடல் வழங்கியது. பூமத்தியரேகையை ஒட்டி, கடலின் மேற்பரப்புக்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குளிர் நீரோட்டம் பாய்கிறது. 1952இல் அதை அடையாளம் கண்ட டவுன்சென்ட் குரோம்வெல்லின் பெயரே அதற்கு நிலைத்தது. இஸபெலா, பெர்னாண்டினா தீவுகளின் மேற்குச் சரிவுகளில் மோதி அது மேலெழும்போது ஊட்டம் பெருகுகிறது. சிறு மீன்கள் திரள்கின்றன. இப்பறவைகளில் பெரும்பகுதி அவ்விரு தீவுகளில் மட்டுமே வாழ்வது அதனால்தான். இஸபெலாவின் வடமுனை பூமத்தியரேகையைக் கடந்து நிற்பதால், வட அரைக்கோளத்தில் இயல்பாக வாழும் ஒரே பெங்குவின் இனமும் இதுவே.

கரையேறினால் வெயில். துடுப்புச் சிறகுகளை விரித்துத் தன் பாதங்களுக்குத் தானே நிழலிட்டுக்கொள்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைப் பிளவுகளில் முட்டையிடுகிறது. அதற்குக் குறித்த பருவம் கிடையாது. மீன் கிடைக்கும் காலமே இனப்பெருக்கக் காலம். பிற பெங்குவின்கள் பெரும்பாலும் குஞ்சு பொரித்தபின் இறகுதிர்க்கும். இதுவோ முதலில் இறகுதிர்த்துக்கொள்கிறது. இறகுதிரும் நாட்களில் கடலில் இறங்கி மீன் பிடிக்க இயலாது என்பதால், வளமான காலத்தில் அதனை முடித்துவிடுகிறது. நாளை கிடைக்குமோ என்று அறியாதவனின் முன்யோசனை அது.

எல் நினோ ஆண்டுகளில் வெந்நீர் பரவிக் குளிர்நீர் மேலெழுவது தடைபடுகிறது. 1982-83இல் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பறவைகள் மறைந்தன. 1997-98இல் மீண்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மனிதர் கொண்டுவந்த பூனைகள் வேட்டையாடுவது தனிக்கதை. இன்று சில ஆயிரங்களைக்கூட எட்டாத எண்ணிக்கையே எஞ்சியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் முதல் இவற்றை ஆராய்ந்துவரும் டீ போயர்ஸ்மா, 2010இல் தம் குழுவினருடன் எரிமலைக் கற்களை அடுக்கி 120 கூடுகள் அமைத்தார். அவற்றில் பறவைகள் குடியேறிக் குஞ்சும் பொரித்தன. யாசகனுக்குத் திண்ணை கட்டித்தர மனிதரால் இயன்றது. அன்னமிடும் கடலை நாம் சூடேற்றிக்கொண்டே இருந்தால், திண்ணை மட்டும் அவனை எத்தனை நாள் காக்கும்?