முடிச்சவிழ்க்கிகளின் பள்ளிக்கூடம்

1585 ஜூலை மாதம். லண்டன் மாநகரின் 'ரெக்கார்டர்' பதவியில் (நகர நீதிபதி என்று வைத்துக்கொள்ளலாம்) இருந்த வில்லியம் ஃப்ளீட்வுட், எலிசபெத் ராணியின் நிதியமைச்சரான பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நகரத்தில் யாரைப் பிடித்தோம், எங்கே சோதனை போட்டோம் என்று அவ்வப்போது எழுதும் கடிதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் நடுவே ஒரு பத்தி வருகிறது பாருங்கள், நானூறு வருஷம் கழித்தும் சரித்திரக்காரர்கள் அதை விடாமல் எடுத்துச் சொல்கிறார்கள். லண்டனில் சிறுவர்களுக்குப் பர்ஸ் அறுக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமே நடந்துகொண்டிருந்தது!

நடத்தியவர் பெயர் வாட்டன். ரவுடி எல்லாம் இல்லை. ஃப்ளீட்வுட் எழுதுவதன்படி நல்ல குடும்பத்தில் பிறந்தவர், ஒரு காலத்தில் நாணயமான வியாபாரி, சந்தையில் நல்ல பெயர். பிறகு தொழில் நொடித்துப்போகிறது. தேம்ஸ் நதிக்கரையில் மீன் வந்து இறங்கும் பில்லிங்ஸ்கேட் பக்கத்தில், ஸ்மார்ட்ஸ் கீ என்ற படகுத்துறையில் ஒரு சாராயக் கடை வைக்கிறார். ஏதோ தப்புத்தண்டா நடந்து அதையும் அதிகாரிகள் மூடிவிடுகிறார்கள். கையில் மிச்சம் இருப்பது ஒரு கட்டடமும் தொழில் நடத்திய அனுபவமும்தான். ஊரில் உள்ள முடிச்சவிழ்க்கிகளை எல்லாம் அதே வீட்டில் கூட்டுகிறார். அங்கேயே பள்ளிக்கூடம் ஆரம்பமாகிறது.

பாடமுறை ரொம்ப எளிமை. இரண்டு பொருள்கள் தொங்கும். ஒன்று பாக்கெட், இன்னொன்று பர்ஸ். பாக்கெட்டுக்குள் கணக்குப் போடப் பயன்படும் வட்டவில்லைகள் கிடக்கும். அதைச் சுற்றிலும் வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்னச் சின்ன மணிகள், மேலே கோயில் பூசையில் அடிக்கும் சிறு மணி ஒன்று. பர்ஸில் வெள்ளிக்காசு. மணிச்சத்தம் கேட்காமல் பாக்கெட்டில் இருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால் அவன் 'ஃபாய்ஸ்டர்'. பர்ஸில் இருந்து சத்தமில்லாமல் வெள்ளியை எடுத்துவிட்டால் 'நிப்பர்'. இரண்டு பட்டம், இரண்டு பரீட்சை. பிட் அடிக்க வழியே இல்லாத பரீட்சை. மணி அடித்தால் ஃபெயில், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து லண்டனில் பலர் பணத்தை இடுப்பு பெல்ட்டில் தொங்கும் சுருக்குப்பையில்தான் வைத்திருந்தார்கள். அதை அறுத்து எடுப்பவன் நிப். பாக்கெட்டுக்குள் விரலை விட்டு எடுப்பவன் ஃபாய்ஸ்ட். நம் ஊரிலும் வேட்டி மடியிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்த காலம் உண்டே. 'முடிச்சவிக்கி' என்று இன்றும் திட்டுகிறோமே, அது அந்தக் காலத்து மிச்சம்தான்.

சரி, பதினான்கு பதினைந்து வயசுப் பையன் ஒருவன் இந்தப் பள்ளிக்கூடப் படியை ஏன் மிதிக்க வேண்டும்? கெட்ட சகவாசம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அன்றைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது.

1563-இல் இங்கிலாந்தில் தொழிலாளர்களுக்கான பெரிய சட்டம் ஒன்று வந்தது. அதன்படி, ஒரு கைத்தொழிலில் நுழைய வேண்டுமானால் குறைந்தது ஏழு வருஷம் ஒரு எஜமானிடம் அப்ரண்டிஸாக இருந்தாக வேண்டும். வியாபாரம், துணி வணிகம் மாதிரி மரியாதையான தொழில்கள் என்றால் அப்பாவுக்கு வருஷம் 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருக்க வேண்டும். அதாவது சொத்து இல்லாதவன் பிள்ளைக்கு அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

அடுத்து 1572-இல் வந்தது இன்னொரு சட்டம். பதினான்கு வயசுக்கு மேற்பட்ட ஒருவன் எஜமானும் இல்லாமல் வேலையும் இல்லாமல் சுற்றித் திரிந்து பிடிபட்டால் சவுக்கடி. அதோடு வலது காது மடலில் ஒரு அங்குல அளவு காய்ச்சிய இரும்பால் துளை. யாராவது ஒரு கண்ணியமான மனிதர் ஒரு வருஷம் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றால் மட்டும் தப்பிக்கலாம். இரண்டாவது, மூன்றாவது தடவை மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

யோசித்துப் பாருங்கள். எஜமான் கிடைக்க வசதி வேண்டும். எஜமான் இல்லாமல் இருப்பதே குற்றம். இந்த இடுக்கில் மாட்டிய பையனை வாட்டன் மாதிரி ஒருவர் கூப்பிட்டுக் கூரை கொடுத்து, தொழில் சொல்லித்தருகிறேன், பட்டமும் தருகிறேன் என்றால் அவன் வேண்டாம் என்றா சொல்வான்? அவனுக்கும் ஒரு எஜமான் கிடைத்துவிட்டார்.

இந்த ஒற்றுமையை அரசாங்கமே கவனித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1566-இல் பார்லிமென்ட் முடிச்சவிழ்க்கிகளுக்கு என்றே ஒரு சட்டம் போட்டது. இவர்கள் ஏதோ ஒரு கைத்தொழில் சங்கம் போலத் தங்களுக்குள் சகோதரத்துவம் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதன் முன்னுரையே புலம்புகிறது. அதுவரை முதல் தடவை மாட்டிய திருடனுக்கு ஒரு சந்து இருந்தது. பைபிளில் ஒரு சங்கீத வசனத்தை வாசித்துக் காட்டிவிட்டால் 'இவன் படித்தவன், பாதிரி மாதிரி' என்று தூக்கில் இருந்து விலக்கு. புதிய சட்டம் முடிச்சவிழ்க்கிகளுக்கு அந்தச் சந்தை அடைத்தது. ஒருவர் மேலிருந்து அவருக்குத் தெரியாமல் 12 பென்ஸுக்கு மேல் திருடினால் தூக்கு. ஒரு சாதாரணக் கூலியாள் இரண்டு நாளில் சம்பாதித்துவிடும் தொகை அது.

ஆக, ஸ்மார்ட்ஸ் கீயில் மணி அடித்தால் திரும்ப முயற்சி செய்யலாம். வெளியே மணி அடித்தால் கயிறு. இதில் வாத்தியாருடைய விரல் யார் பையிலும் நுழைவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் லாபம் முதலாளிக்கு, ரிஸ்க் முழுக்க அப்ரண்டிஸுக்கு!

விரல் வித்தை மட்டும் இல்லை, வாய் வித்தையும் அதே ஊரில் ஒரு தொழிலாக வளர்ந்திருந்தது. அதை விவரமாக எழுதி வைத்தவர் ராபர்ட் கிரீன். கேம்பிரிட்ஜில் எம்.ஏ., நாடக ஆசிரியர், மகா குடிகாரர். 1591, 92-இல் எத்தர்களைப் பற்றி மலிவு விலையில் குட்டிப் புத்தகங்களாகப் போட்டுத் தள்ளினார். விற்க வேண்டுமே என்று மசாலாவும் சேர்த்திருப்பார், பழைய புத்தகங்களில் இருந்து சுட்டும் இருக்கிறார். அதனால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும் செய்முறை அச்சு அசலானது.

கிராமத்து விவசாயி ஒருவர் கோர்ட் வேலையாக லண்டன் வருகிறார். முதல் ஆள் எதிரே வந்து, தப்பான பேரைச் சொல்லி வணக்கம் வைக்கிறான். "அது நான் இல்லையே, என் பேர் இது, ஊர் இது" என்று அவர் அப்பாவியாகச் சொல்லிவிடுகிறார். மன்னிக்கணும் என்று போய்விடுகிறான். கொஞ்ச தூரத்தில் இரண்டாம் ஆள் சரியான பேரைச் சொல்லி, உங்கள் ஊர்ப் பெரிய மனிதருக்கு நான் சொந்தம் என்கிறான். அதற்கும் மசியாவிட்டால் வழியில் ஒரு ஷில்லிங்கைப் போட்டு வைத்து 'சேர்ந்து' கண்டெடுக்கிறார்கள். சரிபாதிப் பங்கு, வாங்க குடிச்சே தீர்க்கலாம் என்று கடைக்குள் கூட்டிப்போகிறார்கள். மூன்றாம் ஆள் யாரோ எவரோ மாதிரி உள்ளே வந்து சீட்டாட உட்காருகிறான். முதலில் விவசாயிக்கு ஜெயம். கடைசியில் பை காலி. "பேங்க்ல இருந்து பேசுறோம் சார், உங்க பேர் இதுதானே?" என்று வரும் போன்காலுக்குத் தாத்தா இவன்தான்.

இந்தத் தொழிலிலும் ஜாதி உண்டு என்கிறார் கிரீன். ஃபாய்ஸ்ட் தன்னைக் கனவான் என்று நினைத்துக்கொள்வானாம். நிப் என்று யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று, சாப்பாட்டு மேஜையில் கறி வெட்டக்கூடக் கத்தி வைத்துக்கொள்ள மாட்டானாம். பிக்கரிங் என்ற பேர்போன ஃபாய்ஸ்டின் மச்சான், டைபர்ன் தூக்குமேடையில் கயிறு மாட்டும் புல். கிரீன் சொல்வது உண்மையானால், ஒரே குடும்பத்தில் தொழிலின் இரண்டு முனையும்!

1566-இல் அடைத்த அந்தச் சந்து இருநூறு வருஷத்துக்கும் மேல் அடைத்தே கிடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மனசு கேட்காத ஜூரிகள், திருடிய பொருள் பத்து பென்ஸ்தான் பெறும் என்று கூசாமல் பொய் எழுதிப் பலரைக் காப்பாற்றினார்கள். கடைசியில் 1808-இல் சாமுவேல் ரோமிலி முயற்சியால் பிக்பாக்கெட்டுக்குத் தூக்கு என்பது ரத்தானது. அதற்குப் பதில், கப்பல் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல்.

அப்படிப் போன சிறுவர்களுக்காக 1834-இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தர் சிறைக்கு எதிரே பாயிண்ட் ப்யூர் என்று ஒரு தனிச் சிறை திறந்தார்கள். ப்யூர் என்றால் லத்தீனில் பையன். 1849-இல் மூடும்வரை ஏறக்குறைய 3000 பேர் அங்கே இருந்தார்கள். பலர் சின்னத் திருட்டில் மாட்டியவர்கள், சிலருக்கு ஒன்பது பத்து வயசுதான். சவுக்கடியும் தனிச்சிறையும் தாராளமாக இருந்தன. ஆனால் அங்கே தச்சு, செருப்புத் தைத்தல், தையல், புத்தகம் பைண்டிங், கல் செதுக்குதல், படகு கட்டுதல் எல்லாம் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். சொந்த ஊரில் எட்டாமல் இருந்த அப்ரண்டிஸ் வாழ்க்கை, கைதியாக உலகத்தின் அடுத்த முனைக்குப் போன பிறகு அரசாங்கச் செலவிலேயே கிடைத்தது. போர்ட் ஆர்தரில் கூரை எரிந்துபோன ஒரு பழைய தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அதன் கல்வேலைப்பாட்டில் இந்தப் பையன்களின் கையும் உண்டு.