திருவொற்றியூர்

திருவொற்றியூர் சென்னையின் வடக்கில் வங்கக் கடலை ஒட்டி அமைந்த பழம்பெரும் புறநகர். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவில் உள்ளது. பெருநகர சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம் இவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. சென்னையில் ஆங்கிலேயர் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம் இது. இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. கடலரிப்பால் கரையை இழந்த ஊர்களில் ஒன்றாகவும் இன்று அறியப்படுகிறது.

அமைவிடமும் நிலமும்

ஊரின் கிழக்கெல்லை கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கு அப்பால் மணலியும், வடக்கே எர்ணாவூரும் எண்ணூரும், தெற்கே தண்டையார்பேட்டையும் உள்ளன. கடலுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட நீண்ட மணல் திட்டின்மேல் ஊர் அமைந்திருப்பதால் வீடும் சாலையும் ரயில் பாதையும் தெற்கு வடக்காகவே நீண்டுள்ளன. கரையோரத்தில் திருச்சினாங்குப்பம், ஒண்டிக்குப்பம், கே.வி.கே. குப்பம் முதலிய மீனவக் குப்பங்கள் உள்ளன.

இக்கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மணலை வடக்கே கொண்டு செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே அதிகம். இவ்வூர்க் கரையின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஓட்டத்தோடு பிணைந்தது.

கோயிலும் கல்வெட்டுகளும்

ஊரின் மையம் ஆதிபுரீசுவரர் கோயில். தியாகராசர் கோயில் என்றும் வடிவுடையம்மன் கோயில் என்றும் மக்கள் வழங்குவர். மூலவர் புற்று வடிவினர். கவசம் அணிந்திருக்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றிக் காணலாம். ஊழிவெள்ளத்தை இறைவன் இங்கு ஒற்றி விலகச் செய்தார் என்று தலபுராணம் ஊர்ப்பெயருக்கு விளக்கம் தருகிறது.

சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்துப் பின் அதை மீறிப் பார்வை இழந்ததும் இவ்வூரில் நடந்தனவாகப் பெரியபுராணம் கூறுகிறது. மாசித் திருவிழாவின் மகிழடி சேவை இந்நிகழ்வை ஒட்டியது. அறுபத்து மூவருள் செக்காட்டும் குலத்தவரான கலிய நாயனார் இவ்வூரில் பிறந்தவர். பட்டினத்தார் சமாதி கடற்கரையை ஒட்டி உள்ளது.

பல்லவர் காலத்திலிருந்து தொடங்கும் ஏராளமான கல்வெட்டுகள் இக்கோயிலில் உள்ளன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டொன்று தனிச்சிறப்புடையது. முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் வீழ்ந்தான். அவனுடைய நண்பரும் கேரளத்தைச் சேர்ந்தவருமான வல்லபர், அவனுடன் தாமும் உயிர்விட முடியாமற்போன துயரில் துறவு பூண்டு, சதுரானனர் என்ற பெயருடன் இங்குள்ள மடத்தின் தலைவரானார் என்று அது சொல்கிறது. அவர் வழிவந்த மடத்தலைவர்களும் சதுரானன பண்டிதர் என்றே அழைக்கப்பட்டனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அத்தலைவர் ஒருவரின் வேண்டுகோளால் கோயில் விமானம் கருங்கல்லில் எழுப்பப்பட்டது. யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட வடிவம் அது. அதைக் கட்டியவர் இரவி என்னும் வீரசோழத் தச்சர். அரசன், குரு இருவருடன் தச்சரின் பெயரையும் பொறித்து வைத்திருப்பது இதைக் கூறும் கல்வெட்டின் பெருமை.

கல்வி மையமாகவும் இக்கோயில் விளங்கிற்று. சிவபெருமான் பாணினிக்கு இலக்கணச் சூத்திரங்களை அருளிய இடம் இது என்ற நம்பிக்கையில் வியாகரண மண்டபம் ஒன்று இருந்தது. இங்கு இலக்கணம் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் நிலம் வழங்கப்பட்டது.

கும்பினி ஆட்சிக் காலம்

முகலாயர்களின் நவாபு தாவூத் கான் 1708-இல் ஆங்கிலேயக் கும்பினிக்கு வழங்கிய ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் ஒன்று. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவை மற்ற நான்கு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் இங்கு நெசவாளர்களைக் குடியேற்றினார். அவர் பெயரால் அமைந்த காலெட்பேட்டையே இன்றைய காலடிப்பேட்டை.

சென்னை நகரம் பெருகியபோதும் கோயில் தன் ஈர்ப்பை இழக்கவில்லை. ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் இக்கோயிலுக்கு வந்து வழிபட்டு, வடிவுடையம்மன்மீது வடிவுடை மாணிக்கமாலை பாடினார். இசைமேதை தியாகராச சுவாமிகள் இவ்வம்மனைத் திரிபுரசுந்தரி என்று போற்றி இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன.

தொழிற்சாலைகளின் ஊர்

துறைமுகமும் ரயில் பாதையும் அருகில் இருந்தது தொழில்களை இங்கே ஈர்த்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் விம்கோ நகரில் இன்றும் நிலைத்துள்ளது. 1946-இல் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் உற்பத்தியில் பெருநிறுவனமாயிற்று. 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி இந்தியாவில் தொடங்கியபோது அதன் ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் வந்தபின், சுற்றுவட்டாரம் முழுவதும் தொழிலாளர் குடியிருப்புகளால் நிறைந்தது. வடசென்னையின் தொழிற்சங்க இயக்கத்தில் இவ்வூருக்கு உறுதியான இடம் உண்டு.

தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரையிலான மெட்ரோ ரயில் பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

கரை கரைந்த கதை

1870-களில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தங்கிற்று. அங்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. வலை உலர்த்திய மணற்பரப்பும், படகுகளை ஏற்றி வைத்த மேடும், குப்பங்களின் வீட்டு வரிசைகளும் கடலுக்குள் போயின. கடற்கரைச் சாலையும் பலமுறை அரிக்கப்பட்டது. கரையோரம் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் கடலுக்குள் குறுக்காக நீளும் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டு, அவற்றின் இடையே சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் மணலைப் பிடித்தால் அதற்கு வடக்கே உள்ள கரைக்கு அது குறையும். அரிப்போடு மாசும் இக்கரையைத் தாக்கியது. 2017 ஜனவரியில் எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் கறுப்புப் படலமாக ஒதுங்கி மீனவர் தொழிலை முடக்கியது.

அண்மையில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கென இங்கு ஒரு துறைமுகம் கட்டப்பட்டுள்ளது. இது மீனவர்களின் தொழிலுக்குப் பயன் தரும். அதே வேளையில், இக்கரையில் எழும் ஒவ்வொரு கட்டுமானமும் அண்டைக் குப்பத்தின் மணலைத் தொடும் என்பதை ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் காட்டியிருக்கிறது. சென்னைத் துறைமுகம் முதல் எண்ணூர்க் கழிமுகம் வரையிலான கரையை ஒரே கரையாகக் கருதித் திட்டமிட வேண்டும். அப்போதுதான் திருவொற்றியூரின் எஞ்சிய கடற்கரையும் அதை நம்பி வாழும் குப்பங்களும் நிலைக்கும்.