அதே கை, வேறு பந்து



கழகப் போட்டி முடிந்து இரண்டு கிழமையாகிறது. ஊரில் இன்னும் ஒரே பேச்சுத்தான்: யாருடைய மகன் வேகமாகப் போடுகிறான்? பள்ளிவாசலால் வெளியே வந்தால் வாப்பாமார் எங்களைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள், "சேர், இவனுக்கு இன்னும் கொஞ்சம் ஸ்பீட் வரணும், என்ன செய்யலாம்?" பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. அதில் இரண்டு பேர் தோளில் பாம் பூசிக்கொண்டு வகுப்பில் இருக்கிறார்கள்.

நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல இது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். வரலாற்றுப் பாடம் எடுப்பவர்களிடம் கேட்டால் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டின் வரலாறு. அமெரிக்காவின் பேஸ்போலில், யார் எத்தனை பேரை வெளியேற்றினார், எத்தனை பந்தைத் தவறாக எறிந்தார் என்பதை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் இளைஞன் எங்கே திருந்தினான், எதனால் திருந்தினான் என்று ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். நம்மிடம் அப்படியொரு கொப்பி இல்லை.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பந்தை எறிபவர் பிட்சர். அவருக்கும் அடிப்பவருக்கும் இடையில் 18.44 மீற்றர். நம் கிரிக்கெட் பிட்சை விடச் சற்றுக் குறைவு. 1893இல் வைத்த அந்தத் தூரம் இன்றும் மாறவில்லை. பந்து தரையில் குத்துவதில்லை, நேரே போகிறது. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் அடிப்பவருக்குக் கிடைப்பது அரைச் செக்கனுக்கும் குறைவு. மூன்று தடவை தவறவிட்டால் அவர் வெளியே. பிட்சர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்தால் அடிப்பவருக்கு இலவச நடை. நம்முடைய வைட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்சரின் கையில் சில வகைப் பந்துகள் இருக்கும். நேராக, முழு வேகத்தில் போவது ஃபாஸ்ட்போல். வளைந்து கீழே விழுவது கர்வ்போல். ஃபாஸ்ட்போல் போலவே கையைச் சுழற்றி, பிடியை மட்டும் மாற்றி, வேகத்தைக் குறைத்து விடுவது சேஞ்ச்-அப். நம் ஆட்கள் 'ஸ்லோ போல்' என்பது கிட்டத்தட்ட இதுதான். எந்தப் பந்தை எத்தனை தடவை, எந்த நேரத்தில் எறிவது என்ற கலவைதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

வளைவுப் பந்தைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் வாங்கியவர் கேண்டி கமிங்ஸ். புரூக்லினில் சிறுவனாக இருந்தபோது கடற்கரையில் சிப்பி ஓடுகளை எறிந்து, அவை வளைந்து போவதைப் பார்த்து, பந்தையும் அப்படி வளைக்கலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வேறு சிலரும் அந்தப் பெருமைக்கு உரிமை கோரினார்கள். அந்த வழக்கை நாங்கள் தீர்க்கப் போவதில்லை.

கார்ல் ஹபெலின் கதை வேறு மாதிரி. அவரிடம் ஸ்குரூபோல் என்றொரு பந்து இருந்தது. மணிக்கட்டை வழமைக்கு மாறாக வெளிப்பக்கம் முறுக்கி விடுவது. 1926இல் டெட்ரொயிட் அணியினர், கை கெட்டுவிடும், அதை எறியாதே என்று தடுத்தார்கள். அந்தப் பந்து இல்லாத ஹபெல் சாதாரண ஆள். முதல்தர அணிக்குள் போக முடியாமல் சிறிய லீக்குகளில் அலைந்தார். 1928இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்தது, ஸ்குரூபோலையும் எறிய விட்டது. 1934 நட்சத்திர ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக், ஜிமி ஃபொக்ஸ், அல் சிமன்ஸ், ஜோ குரோனின் என்று ஐந்து பெரும் ஆட்டக்காரர்களை வரிசையாக வெளியேற்றினார். 1936, 1937 பருவங்களில் தொடர்ச்சியாக 24 வெற்றிகள்.

தடுத்தவர்கள் முட்டாள்கள் என்று முடித்துவிட முடியாது. 1938இல் ஹபெலுக்கு முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. பிற்காலத்தில் அவர் கையைத் தொங்கவிட்டு நின்றால் இடது உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். அந்தப் பந்துதான் அவரை உயர்த்தியது, அதன் விலையையும் கையே கொடுத்தது. ஒரு பயிற்சியாளரின் 'வேண்டாம்' சரியா பிழையா என்று இந்தக் கதையை வைத்து வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க விவாதிக்கலாம்.

இனி நாங்கள் சொல்ல வந்த ஆள், சண்டி கூஃபக்ஸ். புரூக்லினைச் சேர்ந்த யூதப் பிள்ளை. 1954 டிசெம்பரில், 19 வயது நிரம்பும் முன்பே டொட்ஜர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. முற்பணம் 14,000 டொலர். அவ்வளவு பணம் வாங்கியவரை இரண்டு வருடம் முதல்தர அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கீழ்மட்ட அணியில் போய்ப் பிழைவிட்டுப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். எப்போதாவது எறியச் சொன்னால், இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே பந்தில் காட்டப் பார்த்தார். பந்து வேகமாகத்தான் போனது, எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. 1960இல் 175 இன்னிங்ஸில் 100 இலவச நடைகள் கொடுத்தார். வெற்றி 8, தோல்வி 13. பருவம் முடிந்த நாளில் கையுறையையும் சப்பாத்தையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். உடுப்பறைப் பொறுப்பாளர் நோப் கவானோ அவற்றை எடுத்து வைத்தார். அந்த மனிதரை நாங்கள் அடிக்கடி நினைப்பதுண்டு. பாடசாலைகளிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள், பெயர் வெளியே வராது.

1961 மார்ச், ஒர்லாண்டோவில் ஒரு பயிற்சி ஆட்டம். எறிய வேண்டிய இன்னொருவர் விமானத்தைத் தவறவிட்டதால் கூஃபக்ஸ் நீண்ட நேரம் எறிய வேண்டியதாயிற்று. பந்தைப் பிடிப்பவர் நோர்ம் ஷெரி. பயிற்சியாளர் அல்ல, அவரும் ஓர் ஆட்டக்காரர்தான். தொடக்கத்திலேயே கூஃபக்ஸ் கட்டுப்பாட்டை இழந்து இலவச நடைகளைக் கொடுக்க, ஷெரி எழுந்து போய்ச் சொன்னதன் சாரம் இதுதான்: வேகத்தைக் கொஞ்சம் குறை, கர்வ்போலும் சேஞ்ச்-அப்பும் எறி, அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். அன்று ஏழு இன்னிங்ஸ் எறிந்தார், ஒருவராலும் சரியாக அடிக்க முடியவில்லை. வினோதம் என்னவென்றால், அழுத்தாமல் விட்டபோது ஃபாஸ்ட்போலின் வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. உடல் இறுகாததால் பந்து குறி வைத்த இடத்துக்குப் போனது.

அந்தப் பருவத்தில் 18 வெற்றி. 269 பேரை வெளியேற்றி, 1903இலிருந்து கிறிஸ்டி மத்தியூசன் வைத்திருந்த 267 என்ற நஷனல் லீக் சாதனையை முறியடித்தார். 1963இல் 311 இன்னிங்ஸ், இலவச நடை வெறும் 58. மேலே சொன்ன 1960 கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது என்று சொன்னால் அது கட்டுக்கதையாகிவிடும். பயிற்சியாளர் ஜோ பெக்கர் அவருடைய அசைவுகளைத் திருத்தினார். அணியின் கணக்காளர் அலன் ரொத், முதல் பந்தைச் சரியான எல்லைக்குள் எறிவதால் என்ன இலாபம் என்று எண்களில் காட்டினார். 1963இல் அந்த எல்லையையே பெரிதாக்கினார்கள், பிட்சர்கள் எல்லோருக்கும் அது சாதகம். ஆனாலும் ஆறு வருடம் ஒரே கை, ஒரே வேகம். பந்துகளைக் கலந்து எறிந்த பிறகுதான் எண்கள் மாறின.

இதே கூஃபக்ஸ்தான் 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், அன்று யூதர்களின் நோன்பு நாளான யொம் கிப்பூர் என்பதால், எறிய மாட்டேன் என்று நின்றவர். அணி அன்று தோற்றது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி என்பதால் இடையில் சேர்க்கிறோம். அந்தத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வோடு வந்தார். முழங்கையில் வாதம், கர்வ்போல் சொன்னபடி கேட்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, அநேகமாக ஃபாஸ்ட்போலை மட்டுமே வைத்து 2-0 என்று வென்றார். கலவை என்றால் எப்போதும் எல்லாவற்றையும் போடுவதல்ல என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. அடுத்த வருடம் 27 வெற்றிகளோடு, 30 வயதில், கையைக் காப்பாற்றிக்கொள்ள ஓய்வு பெற்றார்.

கிரெக் மெடக்ஸ் பதினைந்து வயதளவில் லாஸ் வேகஸில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போவார். அங்கே ரால்ஃப் மேடர் என்ற ஓய்வுபெற்ற ஆள்தேடுநர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேகத்தைத் துரத்தாதே, பந்தை அசைய விடு என்பதுதான் அவருடைய பாடம். மெல்லிய உடம்புக்காரப் பிள்ளைக்கு அது பொருந்தியது. 1987இல் முதல் முழுப் பருவம் மோசம், 6 வெற்றி, 14 தோல்வி. அடுத்த வருடம் 18 வெற்றி. முடிவில் 355. மேடர் இவற்றில் ஒன்றையும் பார்க்காமலே இறந்துவிட்டார்.

எதிர்வாதமும் உண்டு. மரியானோ ரிவேரா, பனாமாவின் மீனவக் கிராமத்துப் பிள்ளை, அநேகமாக ஒரே வகைப் பந்தை வைத்து 652 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார். கடைசி நேரத்தில் ஓரம் வெட்டிப் போகும் பந்து அது. 1997இல் சும்மா எறிந்து பழகும்போது தானாக வந்தது. நேராக்கப் பார்த்தும் முடியவில்லை. இறைவன் தந்தது என்றே அவர் சொல்லி வருகிறார். ஆனால் அவர் அணிக்கு வந்தது ஆட்டத்தின் முடிவில், பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸுக்கு. அடிப்பவர் அன்று அவரை இரண்டாம் முறை சந்தித்தது அபூர்வம்.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். 1974இல் டொமி ஜோன் என்ற பிட்சரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக வைத்தியர் ஃபிராங்க் ஜோப் வேறொரு நாரை எடுத்துப் பொருத்தினார். ஜோன் திரும்பி வந்து 1989 வரை விளையாடினார். அன்று அது அதிசயம். இன்று பாடசாலை மாணவர்களே அந்தச் சிகிச்சைக்குப் போகிறார்கள். 2024 டிசெம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட அறிக்கை, காயங்கள் கூடுவதற்கு முக்கிய காரணங்களாகச் சுட்டியது வேகத்தைத் துரத்துவதையும், ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு எறிவதையும். கூஃபக்ஸிடம் ஷெரி நிறுத்தச் சொன்ன அதே விடயம்.

2014இலிருந்து அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டல் இருக்கிறது. 9 முதல் 12 வயதுவரை ஃபாஸ்ட்போலும் சேஞ்ச்-அப்பும் போதும். அவை இரண்டும் கைவந்த பிறகு, 13 வயதுக்கு மேல்தான் வளைவுப் பந்து. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. கிரிக்கெட்டில் கையை மடக்காமல் வீசுகிறோம், ஆகவே இந்த எண்களை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் அவர்கள் எண்ணுகிறார்கள். சனி ஞாயிறில் நம் பிள்ளை காலையில் கழகத்துக்கு, பின்னேரம் தெருவில் சொப்ட்போல் என்று எத்தனை பந்து போடுகிறான் என்பது அவனுக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது.

வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஸ்லோ போல் மட்டும் பழக்குவோம்: ஓட்டம் அதே, கை அதே, பிடி மட்டும் வேறு. வேகம் அளக்கும் கருவி கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் பந்தையும் குறித்துக்கொள்ள இரண்டு பேர் தேவை. கொப்பி எங்களிடம் இருக்கிறது, பேனையோடு வாருங்கள். தோள் நோகிற அந்த இரண்டு பேரும் வரட்டும், ஆனால் எறிய மாட்டார்கள், எண்ணுவார்கள்.